இருக்கையும் எடையும்

மோட்டார் வாகனப் பதிவுச் சான்றிதழில், அதாவது எல்லோரும் ஆர்.சி. புக் என்று சொல்வதில், இருக்கைத் திறன் என்று ஒரு கட்டம் உண்டு. எடை என்று இன்னொரு கட்டம் உண்டு. காருக்கு முதல் கட்டம் முக்கியம், சரக்கு வண்டிக்கு இரண்டாவது. வங்கியில் எழுத்தராக இருக்கிற நான் தேனி மாவட்டத்தில் வாகனக் கடன் கோப்புகளைச் சில வருஷங்களாகப் பார்த்துவருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த அறுபது வருஷச் சரித்திரத்தில் ஒரு பகுதியை இந்த இரண்டு கட்டங்களைக் கொண்டே எழுதிவிடலாம் என்று எனக்குப் படுகிறது. அதற்காக இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1961-லிருந்து சென்னையை அடுத்த வண்டலூரில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்கிற சிறிய கார். மற்றது, இன்று தேனிக்கும் குமுளிக்கும் இடையே எந்த நேரமும் வாழைத்தாரோ திராட்சைக் கூடையோ ஏற்றிக்கொண்டு ஓடுகிற பிக்கப் வண்டி.

பழைய காரையும் இன்றைய வண்டியையும் ஒப்பிட்டுப் பேசுவதற்கு நம்மிடையே ஒரு வழக்கமான ராகம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தகடு கெட்டி, இந்தக் காலத்துத் தகடு காகிதம். அன்று வண்டிக்கு முகம் இருந்தது, இன்று எல்லாம் ஒரே அச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இப்படிப் பேசுகிறவர், இது யாருடைய ஞாபகம் என்று தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. ஹெரால்டின் உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு ஞாபகம் உண்டு. அது போன பிறகு எழுந்த புழுதியில் நின்றவருக்கு வேறொரு ஞாபகம் உண்டு. நமக்கு எழுத்தில் கிடைப்பது பெரும்பாலும் முதலாவதுதான்.

1

ஹெரால்டின் பிறப்பு இங்கிலாந்தில். டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் அங்கே வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். ஐரோப்பியக் கம்பெனிகள் அப்போது காரின் உடம்பையே சட்டமாக்கி, இரண்டும் ஒன்றாக வார்க்கிற முறைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்கே போயிற்று. அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடம்பு. இது சித்தாந்தத்தால் வந்த முடிவில்லை. அதுவரை அவர்களுக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே இடத்தில் முழு உடம்பை வார்க்க வழியில்லாததால், துண்டுகளை வெவ்வேறு பட்டறைகளில் செய்து இணைத்தார்கள். இந்தக் கட்டாயமே பிறகு சௌகரியமாயிற்று. துண்டுகளாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, வேறொரு தேசத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

அப்படிப் பூட்டிக்கொண்ட தேசங்களில் ஒன்று இந்தியா. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1953-ல் சுங்கவரிக் கமிஷன், படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்ற நிலையை எடுத்தது. வெறுமனே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் என்றால் கல்கத்தாப் பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்கள் மிஞ்சின. அடுத்த முப்பது வருஷம் இந்தியாவில் கார் வாங்குவது என்பதற்கு, பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது என்று அர்த்தம்.

வண்டலூர் ஹெரால்டின் எஞ்ஜின் 948 சி.சி., ஏறக்குறைய 35 குதிரைத்திறன். நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பானெட்டை, இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து வர, முழுசாக முன்பக்கம் கவிழ்த்துவிடலாம். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். திரும்புவதற்கு 25 அடி விட்டம் போதும். லண்டன் டாக்சிகளுக்கு நிர்ப்பந்தமாக விதிக்கப்பட்டிருந்த அளவு அது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மலைப்பாதைகள் மூன்று பக்கமும் இறங்குகிற ஒரு பள்ளத்தாக்கில் இது சாதாரணமான குணம் இல்லை.

பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் அமைப்பு. நல்ல ரோட்டில் சுகம். வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும். இந்த அமைப்பு இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. ஹெரால்டின் வாரிசாக 1970களின் தொடக்கத்தில் வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். அதற்கு முன்பே, 1960களின் பிற்பகுதியில், இன்னொரு மாற்றம் நடந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுகள்தான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் பிறந்தது. இதற்குக் காரணமாக நான் நினைப்பது இது: இரண்டு கதவுக் காரில் பின்சீட்டுக்குப் போக, முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். சொந்தக்காரரே ஓட்டுகிற தேசத்தில் அதனால் பாதகமில்லை, பின்னால் குழந்தைகள் ஏறுவார்கள். சொந்தக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவரை வைத்து ஓட்டுகிற தேசத்தில், முதலாளி குனிந்து நுழைய முடியாது. நம் சமூக அமைப்பு ஒரு பிரிட்டிஷ் காருக்கு இரண்டு கதவுகளைக் கூடுதலாக வெட்டிவைத்தது.

2

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த், 1957-ல் புத்தகமாக வந்த தன் கட்டுரைகளில் ஒன்றைப் புதிய சித்ரோவன் கார் பற்றி எழுதியிருக்கிறார். மத்திய காலத்துப் பெரிய தேவாலயங்கள் எப்படியோ, நம் காலத்துக்குக் கார் அப்படி என்பது அவர் வாதம். எல்லோராலும் உபயோகிக்க முடியாவிட்டாலும், படிமமாக அதை எல்லோரும் நுகர்கிறார்கள். ஹெரால்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. டாக்டர், பஞ்சாலைக்காரர், மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளின் முன்னால் நின்ற வண்டியை ஊரே நுகர்ந்தது. வண்டியின் பெயர் வீட்டின் பெயராயிற்று. ‘கார்க்காரர் வீடு’ என்றால் வழி சொல்லிவிடுவார்கள் என்று உத்தமபாளையம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சின்னமனூருக்குப் போகிற வழியில் ஒரு தோப்புக் கொட்டகையில், டயர் இல்லாமல் செங்கல்மேல் நின்ற ஒரு ஹெரால்டைப் பார்த்திருக்கிறேன். பின்சீட்டின் நடுவில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போதும் அதை விற்க மனமில்லை என்றார் தோப்புக்காரர். படிமம் இரும்பைவிட மெதுவாகத்தான் துருப்பிடிக்கும்.

ஆனால் பார்த்தின் வாதம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. படிமமாக நுகரப்படுவது உட்காருகிற வண்டி. சுமக்கிற வண்டிக்குப் படிமம் கிடையாது. லாரியைத் தேவாலயத்தோடு ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் உண்மையான போக்குவரத்தோ எக்காலத்திலும் சுமைப் போக்குவரத்துதான். கார் அதில் இடையில் வந்துபோன ஒரு சிறிய அத்தியாயம்.

தேயிலையைப் பாருங்கள். மூணாற்று மலையில் விளைந்தது டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தி வழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. மேலே டாப் ஸ்டேஷன் வரை அதைக் கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றும், 1908-ல் அதற்குப் பதிலாகச் சிறிய ரயிலும் இருந்தன. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அது வந்ததும் முக்கியமாகச் சரக்குக்காகத்தான். இரண்டாவது யுத்தத்தின்போது, 1942-ல், அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டு முடிக்க 1950களின் நடுப்பகுதி ஆயிற்று. பிறகு அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிவரை 2022-லும் போடிவரை 2023-லும்தான் ரயில் மீண்டும் ஓடியது. ஆக, இந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் மும்முறை வந்து இருமுறை போயிருக்கிறது. மிளகும் ஏலமும் வாழையும் அதற்காகக் காத்திருக்க முடியாது.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956-ல் மாநில எல்லைகள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. ஏலத்தோட்டம் மேலே ஒரு மாநிலத்தில், ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற கை கீழே வேறொரு மாநிலத்தில். விடியற்காலை ஏறி இருட்டுமுன் இறங்குவது என்கிற தினசரி ஒழுங்கு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று பாதைகளிலும் நிலைபெற்றது. அதைச் சுமந்தது ஜீப். பம்பாயில் மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. யுத்தத்துக்காகப் பிறந்த அந்த வண்டி மலையில் கூலி ஜீப் ஆயிற்று. எத்தனை பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் எழுதியிருந்ததற்கும் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லாமல் போனது இங்கேதான் தொடங்குகிறது.

வம்சாவளியில் பிக்கப், ஹெரால்டின் பேரன் இல்லை. அது ஜீப்பின் பேரன்.

3

தொழிற்சாலையிலேயே பின்பெட்டி வைத்துப் பிக்கப் என்ற பெயரில் விற்கப்பட்ட வண்டி அமெரிக்காவில் 1925-ல் வந்த ஃபோர்டு மாடல் டி. ஆஸ்திரேலியாவில் 1930களின் தொடக்கத்தில் ஒரு குடியானவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்டாராம். 1934-ல் லூ பாண்ட் என்ற இளம் பொறியாளரின் வரைபடத்திலிருந்து முன்பக்கம் கார், பின்பக்கம் பெட்டி என்று அப்படியொரு வண்டி வந்தது. கடிதக் கதை எவ்வளவு தூரம் மெய்யோ, அதிலுள்ள ஆசை மெய்யானது. அந்த நாடுகளில் பிக்கப் பிறகு குடும்ப வண்டியாகவே ஆகிவிட்டது. நம்மிடத்தில் அந்த ஆசைக்கு நேர் எதிரானது நடந்தது. கோயிலுக்குப் போகிற வண்டி வேறு, சுமை ஏற்றுகிற வண்டி வேறு என்று நாம் கறாராகப் பிரித்து வைத்தோம். சுமப்பதைக் கீழான காரியமாக வைத்திருக்கிற சமூகத்தில் முதலாளி உட்காருகிற இடத்துக்கும் மூட்டை கிடக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி போதாது.

ஹெரால்டு செய்த கம்பெனியின் முடிவு இந்தப் பிரிவினையைத் தன் வாழ்க்கையாகவே வாழ்ந்து காட்டுகிறது. 1970களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றது. சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு 20 என்கிற சிறிய சரக்கு வண்டியால்தான் தொழிற்சாலை ஓடியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய ஆடம்பரக் காரோடு திரும்பி வந்தார்கள். அது போகவில்லை. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. சுமை சோறு போட்டது, கௌரவம் மூடவைத்தது.

2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். தமிழ்நாடு அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. கவனிக்க வேண்டியது: யானையின் எஞ்ஜின் ஹெரால்டின் எஞ்ஜினைவிடச் சிறியது, திறனில் பாதிகூட இல்லை. மூன்று சக்கர வண்டி ஓட்டிய ஒருவர், நான்கு சக்கரம் இருந்தால் தனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று வடிவமைக்க வந்தவர்களிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒண்ணேகால் டன். இவற்றுக்கு மேலே மகிந்திராவின் பொலேரோ பிக்கப், இரண்டரை லிட்டர் டீசல் எஞ்ஜின், வகையைப் பொறுத்து 1.3-லிருந்து 1.7 டன் வரை. மலைப்பாதைக்கும் தோட்டத்து வண்டிப்பாதைக்கும் ஒத்துப்போனதால் பள்ளத்தாக்கில் பொலேரோ நிலைத்தது. திராட்சை, வாழை, தேங்காய், காய்கறி எல்லாம் பறித்த அன்றைக்கே கேரளச் சந்தைக்குப் போக வேண்டிய பொருள்கள். லாரிக்குப் போதாத, ஆட்டோவுக்கு மிஞ்சுகிற சரக்கு. பிக்கப் அந்த இடைவெளியில் பிறந்தது.

இயந்திர ரீதியில் இரண்டு வண்டிகளுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை இருக்கிறது. சிறிய கார்கள் எல்லாம் தனிச் சேஸிஸைக் கைவிட்டுவிட்டன. 1983-ல் வந்த மாருதி 800 முதலே அது முடிந்த கதை. ஆனால் பொலேரோ பிக்கப் இன்றும் ஹெரால்டைப் போலத் தனிச் சேஸிஸ்மேல்தான் நிற்கிறது. பாரம் சுமக்க அதுதான் தோது. வித்தியாசம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. ஹெரால்டின் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற நாலு உடம்புகளைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. பிக்கப்பின் பின்பக்கப் பட்டைகள் ஒன்றரை டன்னைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. காலியாக ஓடினால் பின்பெட்டி துள்ளும். லோடு ஏறிய பிறகுதான் அமைதியாகும். லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியின் பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்களின் முதுகெலும்புக்கு இது தெரியும். ஒரு வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் விளம்பரம் சொல்லாது, ஸ்பிரிங் சொல்லும்.

4

இனி வங்கி. 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசவுடைமை ஆயின. 1972-ல் முன்னுரிமைத் துறை என்பதற்கு முறையான வரையறை வந்தபோது, விவசாயத்தோடும் சிறு தொழிலோடும் சிறிய சாலைப் போக்குவரத்துக்காரர்களும் அதில் இடம்பெற்றார்கள். பின்னாளில் அது சிறு தொழில் சேவை என்கிற தலைப்புக்குள் அடங்கியது. சொந்த உபயோகத்துக்கான கார் அந்தப் பட்டியலில் என்றும் இருந்ததில்லை. கார் செலவு, சரக்கு வண்டி வருமானம் என்பது கோப்பின் தர்க்கம். இது அந்த அளவில் நியாயமான தர்க்கம்தான்.

அதன் விளைவை நான் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். ஹெரால்டின் காலத்தில் ஓட்டுகிறவர் வேறு, சொந்தக்காரர் வேறு. பிக்கப் கடனுக்கு வருகிறவரோ பெரும்பாலும் தானே ஓட்டப்போகிறவர். முந்தைய வருஷம்வரை இன்னொருவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டியவர், அதற்கு முன் லோடுமேனாக மூட்டை தூக்கியவர். கார்க்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாத சாதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். முன்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், பின்கதவில் குழந்தைகளின் பெயர், ஆர்.சி.யில் தன் பெயரும் அதன்கீழே வங்கியின் பெயரும். பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த கையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கையும் பெரிய அளவில் ஒன்றாக ஆனது இந்த வண்டியில்தான். பழைய காரின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை எடை போட மறந்துவிடுகிறார்கள். தவணை மூன்று மாதம் தவறினால் வண்டி போய்விடும் என்ற பயத்தோடு கூடிய சொந்தம்தான். ஆனாலும் சொந்தம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது முன்னேற்றத்தின் கதையாக முடிந்துவிடும். ஆனால் இருக்கைத் திறன் என்ற கட்டம் இன்னும் பாக்கியிருக்கிறது.

பிக்கப்பின் ஆர்.சி.யில் அந்தக் கட்டத்தில் டிரைவரையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று என்று இருக்கும். பின்பெட்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். வாழைத் தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் ஆள் போவதோ அதே பின்பெட்டியில். துக்கத்துக்குப் போவதும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவதும் அதில்தான். மலைக்கு ஏறுவது இன்னமும் பெரும்பாலும் ஜீப்பில் என்றாலும் கணக்கு ஒன்றுதான். பஸ் இல்லையா என்று கேட்கலாம். 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது முதல், இந்தப் பகுதியில் அரசு பஸ் ஓடுகிறது. ஆளுக்கு ஓர் இருக்கை, ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று மனிதர்களை எண்ணிய ஒரே வாகனம் அதுதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். வேலையோ ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே, காலை ஏழு மணிக்கு.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-வது பிரிவு, கட்டாய இன்சூரன்ஸ் யார் யாருக்குப் பொருந்தும் என்று வரையறுக்கிறது. 1994 திருத்தத்தில், வண்டியில் வருகிற ‘சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி’ என்று ஒரு தொடர் சேர்ந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகும் அது இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். சரக்கின் சொந்தக்காரர் இல்லாத பயணிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார்கள். 2004-ல் பல்ஜீத் கௌர் வழக்கில் அதே நிலையை உறுதிசெய்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். அந்த மாதிரியில் பிற்பாடு பல உத்தரவுகள் வந்தன. ஆனால் அது நீதிபதியின் தயவில் கிடைப்பது. உரிமையாகக் கிடைப்பதில்லை.

இதைப் பள்ளத்தாக்குக்குப் பெயர்த்துப் பாருங்கள். ஒரே வண்டி கவிழ்கிறது. பின்னால் மூன்று பேர். வாழைத்தார்களோடு வந்த வியாபாரி சரக்கின் சொந்தக்காரர், அவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. லோடுமேன் வண்டிக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அளவுக்கு அவருக்கும் இடம் உண்டு. மூன்றாவது, தார் வெட்டிய தோப்பில் கூலிக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற பெண். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர் தோப்புக்காரர், வண்டிக்காரர் இல்லை. வண்டியிலிருக்கிற சரக்கு அவளுடையது இல்லை. அவள் வெட்டி, சுமந்து, ஏற்றியது. ஆனால் அவளுடையது இல்லை. ஆகவே அந்த வண்டியில், சட்டத்தின் கண்ணுக்கு, அவள் இல்லை. மனிதராக எண்ணப்பட வேண்டுமானால் பின்பெட்டியில் கிடப்பதில் ஏதாவது ஒன்றுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

வங்கியைச் சேர்ந்தவன் என்கிற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடனில் வாங்கிய வண்டியின் இன்சூரன்ஸ் பத்திரத்தில் வங்கியின் பெயரும் ஏறும். வண்டி நொறுங்கினால் வண்டிக்கான பணம் கடன்காரரைத் தாண்டி வங்கியின் பாக்கிக்குத்தான் முதலில் வரும். வங்கியின் ஈடு அவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டிருக்கிறது. இறந்துபோன பெண்ணுக்கான தொகையைக் கோர்ட்டு விதித்தால் அது வண்டிக்காரர் தலையில் விழும். அவரோ தவணை முடியாத வண்டியை இழந்து நிற்பவர். பிக்கப் தூக்கிவிட்ட ஒருவரையும் பிக்கப்பால் எண்ணப்படாத ஒருத்தியையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு, தோப்புக்காரரும் கம்பெனியும் வங்கியும் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஹெரால்டின் காலத்துச் சமூகம் யாரை உள்ளே உட்கார வைக்கக்கூடாது என்பதை வெளிப்படையாக வைத்திருந்தது. இன்று ஏறுவதற்குத் தடையில்லை. ஏறியவர் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

5

பழைய கார்களுக்கு ஊர்வலம் நடக்கிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் குடும்ப அறக்கட்டளை 2015-ல் ஒரு கார் அருங்காட்சியகமே திறந்திருக்கிறது. நல்ல காரியம். மிக்கலோட்டியின் கோடு அழகானது, அதைப் பார்க்க வேண்டியதுதான். பிக்கப்பை யாரும் அப்படி நிறுத்திவைக்கப் போவதில்லை. எஃப்.சி. கிடைக்காத நாளில் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், பின்கதவில் எழுதிய பெயர்களோடு. காப்பாற்றப்படுகிற பொருளை வைத்தே காலத்தை நினைவுகொள்கிற பழக்கம் நமக்கு இருப்பதால், ஐம்பது வருஷம் கழித்து 1960களின் கம்பம் பள்ளத்தாக்கு டாக்டரின் ஹெரால்டாகவும், 2020களின் கம்பம் பள்ளத்தாக்கு ஒன்றுமில்லாததாகவும் தெரியக்கூடும்.

இலக்கியமும் இதில் சட்டத்திலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. நம் கதைகளில் காரில் வந்து இறங்குகிறவருக்குப் பெயர் இருக்கும், ஒரு மனப்போராட்டம் இருக்கும். சரக்கு வண்டியின் பின்னால் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பன்மை: கூலியாட்கள், பெண்கள், ஜனங்கள். எடையை எழுதுகிற கட்டத்திலும் இலக்கணம் இதுதான், மொத்தமாக ஓர் எண். அனுதாபத்தோடு எழுதினாலும் பன்மை பன்மைதான். விதிவிலக்காகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களை நாம் வட்டாரம் என்று தனி அறையில் வைத்துவிட்டோம்.

செய்யக்கூடியது எதுவும் இல்லாமல் இல்லை. வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வண்டிக்கு இருக்கையும் அதற்கான பெர்மிட்டும் இன்சூரன்ஸும் வேலை கொடுக்கிறவர் பொறுப்பு என்று ஆக்கலாம். தோப்பு வழிகளில் விடியற்காலைச் சிற்றுந்து விடலாம். சரக்கின் சொந்தக்காரர் என்ற தொடருக்குப் பக்கத்தில் சரக்கை விளைவித்தவர் என்று ஒரு தொடரைச் சேர்க்கலாம். இவை பெரிய புரட்சிகள் இல்லை, ஒரு கட்டத்தை நிரப்புகிற காரியங்கள். எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது இன்னும் சிறியது. காரின் சரித்திரத்தைக் கம்பெனியின் பெயரிலிருந்தும் வருஷத்திலிருந்தும் தொடங்கலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிக்கப்பின் சரித்திரத்தை எழுதப்போகிறவர், விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பம் ரோட்டோரத்தில் தூக்குவாளியோடு வண்டிக்காக நிற்கிறவர்களிடம் போய், ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.